டென்னிங் பிரபுவின் பயம்

1974ஆம் வருடம் நவம்பர் 21, வியாழக்கிழமை. ராத்திரி 8 மணி 11 நிமிடம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு போன் வந்தது. ஐரிஷ் உச்சரிப்பில் ஓர் ஆண் குரல். ரொட்டண்டா கட்டடத்தில் ஒரு குண்டு, நியூ ஸ்ட்ரீட் வரி அலுவலகத்தில் ஒரு குண்டு. அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

ரொட்டண்டா என்பது நகரத்தின் நடுவே நிற்கிற உயரமான வட்டக் கட்டடம். அதன் காலடியில் மல்பெரி புஷ் என்று ஒரு மதுக்கடை. வரி அலுவலகத்துக்குக் கீழே, நிலவறையில் இன்னொரு மதுக்கடை. அதற்குப் பெயர் டாவர்ன் இன் த டவுன். போனில் பேசியவன் இந்த இரண்டு கடைகளைப் பற்றி மூச்சு விடவில்லை. போலீஸ்காரர்கள் ஓடி வந்து ரொட்டண்டாவின் மேல்மாடிகளில் தேட ஆரம்பித்தார்கள். 8.17க்குக் கீழே மல்பெரி புஷ் வெடித்தது. அடுத்த 10 நிமிடத்தில் இன்னொன்று.

செத்தவர்கள் 21 பேர். காயம்பட்டவர்கள் சுமார் 200 பேர். பெரும்பாலும் இளவட்டங்கள். வேலை முடிந்து, நண்பர்களோடு ஒரு கிளாஸ் பீர் குடிக்க வந்தவர்கள்.

செய்தது ஐ.ஆர்.ஏ. என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வட அயர்லாந்தை பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்கவேண்டும் என்று ஆயுதம் எடுத்த ஐரிஷ் குடியரசுப் படை. அந்த வருடம் பூராவும் இங்கிலாந்தில் அங்கங்கே குண்டு வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் 21 பிணங்கள் என்பது வேறு கணக்கு. பர்மிங்காமில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். கட்டட வேலைக்கும் கார் தொழிற்சாலைக்கும் பிழைக்க வந்தவர்கள். மறுநாள் காலையில் அவர்களால் தெருவில் நடக்க முடியவில்லை. அடி, உதை, வேலை செய்கிற இடத்தில் ஒதுக்கல். பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் ஒரே வாரத்தில் நிறைவேற்றியது. சந்தேகப்பட்டால் போதும், 7 நாள் வரை அடைத்துவைத்து விசாரிக்கலாம். தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டு வா என்று ஒரு கூட்டம் கிளம்பியது. டிசம்பரில் அது நாடாளுமன்றத்துக்கே போய்த் தோற்றது.

ஆக, நாடு கொதித்துக்கொண்டிருந்தது. உடனே யாராவது பிடிபட்டாக வேண்டும்.

பிடிபட்டார்கள். உடனே என்றால், அன்றைக்கு ராத்திரியே.

*

இந்த இடத்தில் ஒரு வாரம் பின்னால் போகவேண்டும். நவம்பர் 14ஆம் தேதி, பக்கத்து ஊரான கோவென்ட்ரியில் டெலிபோன் நிலையத்துக்கு குண்டு வைக்கப்போன ஜேம்ஸ் மெக்டேட் என்கிற ஐ.ஆர்.ஏ. ஆள், குண்டு கையிலேயே வெடித்துச் செத்துப்போனான். பெல்ஃபாஸ்ட்டில் அடக்கம் என்று ஏற்பாடு.

பர்மிங்காமில் வாழ்ந்த சில ஐரிஷ்காரர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். சின்ன வயதுப் பழக்கம், ஒரே பேட்டை. அரசியல் என்னவாக இருந்தாலும் சாவுக்குப் போகாமல் இருந்தால் ஊரில் பேசுவார்கள். நம்மூர் மாதிரியேதான். ஐந்து பேர் கிளம்பினார்கள். ஆறாவது நபர், ஹ்யூ காலஹன், ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பிவிட்டுப் போனார்.

ரயில் 7.55க்குக் கிளம்பியது. குண்டு வெடித்தது 8.17க்கு. தாங்கள் விட்டுவிட்டு வந்த ஊரில் நடந்தது எதுவும் தெரியாமல் ஐந்து பேரும் வண்டியில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டு வந்தார்கள். இந்தச் சீட்டுக்கட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீஷம் துறைமுகத்தில் கப்பல் ஏறப்போகும்போது போலீஸ் நிறுத்தியது. எங்கே போகிறீர்கள்? சொந்தக்காரர்களைப் பார்க்க. ஐ.ஆர்.ஏ.காரனின் சாவுக்குப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? மறைத்தார்கள். அந்தச் சின்னப் பொய் பிற்பாடு மலையளவு ஆனது.

அங்கிருந்து மொர்கம் போலீஸ் ஸ்டேஷன். உள்துறையின் தடயவியல் நிபுணர் ஃபிராங்க் ஸ்க்யூஸ் வந்து எல்லோர் கையையும் பஞ்சால் துடைத்து எடுத்தார். கிரீஸ் சோதனை என்று பெயர். கண்டுபிடித்த விஞ்ஞானியின் பெயர் அது. மற்றபடி நமக்குத் தெரிந்த கிரீஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. துடைத்ததில் சில ரசாயனங்களைச் சேர்க்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் வந்தால், கையில் நைட்ரோகிளிசரின் பட்டிருக்கிறது, அதாவது வெடிமருந்தைத் தொட்டிருக்கிறான் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் கைகளில் நிறம் வந்தது. பாடி ஹில், வில்லியம் பவர்.

இவர்கள் வெடிமருந்தைக் கையாண்டிருக்கிறார்கள் என்பது 99 சதவீதம் உறுதி என்று பிறகு கோர்ட்டில் சொன்னார் ஸ்க்யூஸ்.

99 சதவீதம் என்று ஒரு விஞ்ஞானி சொன்னால் அப்புறம் யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? பர்மிங்காம் போலீஸும் கேட்கவில்லை. ஐந்து பேரையும் கொத்தாக அள்ளிக்கொண்டு ஊர் திரும்பியது. வழியனுப்ப வந்த காலஹனையும் வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் லாக்கப்பில் என்ன நடந்தது என்பதுதான் அடுத்த 16 வருடத்துக்கான கேள்வி. அடித்தார்கள், தூங்க விடவில்லை, நாயை ஏவினார்கள், துப்பாக்கியைக் காட்டினார்கள் என்பது ஆறு பேரின் கட்சி. ஒரு விரல்கூட மேலே படவில்லை என்பது போலீஸின் கட்சி. முடிவில் நான்கு பேர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஹில்லும் ஜெரார்ட் ஹன்ட்டரும் போடவில்லை.

அந்த நான்கு வாக்குமூலமும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. யார் எங்கே குண்டு வைத்தது என்பதிலேயே குளறுபடி. நிஜமாகவே சேர்ந்து செய்தவர்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டால் இப்படியா இருக்கும்? கேட்டிருக்கவேண்டிய கேள்வி. கேட்கத்தான் ஆள் இல்லை.

*

வழக்கு 1975 ஜூன் மாதம் லங்காஸ்டர் கோட்டையில் நடந்தது. பர்மிங்காமில் நடத்தினால் ஜூரிகளை ஊர்க்கோபம் பாதிக்கும் என்று இடம் மாற்றினார்கள். ஏதோ லங்காஸ்டரில் இருப்பவர்கள் பத்திரிகையே படிப்பதில்லை என்பது போல.

நீதிபதி பிரிட்ஜ் முன்னால் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, வாக்குமூலம் அடித்து வாங்கியதா? ஜூரிகளை வெளியே அனுப்பிவிட்டு இதை மட்டும் தனியாக விசாரித்தார். போலீஸ் சொல்வதே சரி என்று முடிவு செய்தார். அவர் சொன்ன காரணம் கவனிக்கவேண்டியது. ஆறு பேர் சொல்வது உண்மையென்றால் இத்தனை அதிகாரிகள் ஒன்றுசேர்ந்து சதி செய்து, அத்தனை பேரும் கோர்ட்டில் ஏறிப் பொய் சொல்லியிருக்க வேண்டும். அதெப்படி முடியும்?

இரண்டாவது, கிரீஸ் சோதனை. முன்பு உள்துறையிலேயே வெடிமருந்துப் பிரிவின் தலைமை ஆய்வாளராக இருந்த ஹ்யூ பிளாக் என்கிற நிபுணர் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுக்காகச் சாட்சி சொன்னார். அதே இளஞ்சிவப்பு நிறம் வேறு பொருள்களாலும் வரும், வெடிமருந்து மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார். எடுபடவில்லை. நீதிபதிக்கு ஸ்க்யூஸைப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 15. நமக்குச் சுதந்திர தினம். அவர்களுக்குத் தீர்ப்பு தினம். ஆறு பேரும் குற்றவாளிகள். ஒவ்வொருவருக்கும் 21 கொலைக்கு 21 ஆயுள் தண்டனை. கொலை வழக்குகளில் தான் கேட்டதிலேயே இவ்வளவு தெளிவான, இவ்வளவு வலுவான சாட்சியம் வேறில்லை என்றார் நீதிபதி பிரிட்ஜ்.

பொதுமக்களுக்கும் பரம திருப்தி. நீதி ஜெயித்தது. அடுத்த வருடம் போட்ட அப்பீலும் தள்ளுபடி.

இதற்கு நடுவே ஒரு கூத்து. இந்த ஆறு பேரையும் விசாரணைக் கைதிகளாக வின்சன் கிரீன் சிறையில் கொண்டுவந்து அடைத்தபோது சிறைக்காவலர்கள் துவைத்து எடுத்திருந்தார்கள். கோர்ட்டுக்கு அழைத்து வந்தபோது முகமெல்லாம் வீங்கியிருந்தது, படமே இருக்கிறது. மறைக்க முடியாமல் 14 காவலர்கள் மீது வழக்குப் போட்டார்கள். 1976இல் 14 பேரும் விடுதலை. அடிபட்டது நிஜம், அதை யாரும் மறுக்கவில்லை. அடித்தவர்தான் யாரும் இல்லை.

*

சரி, போலீஸும் சிறையும் அடித்ததற்கு நஷ்ட ஈடாவது கேட்போம் என்று உள்ளே இருந்தபடியே சிவில் வழக்குப் போட்டார்கள் ஆறு பேரும். 1980 ஜனவரியில் அது அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. பெஞ்ச்சின் தலைமையில் டென்னிங் பிரபு.

டென்னிங்கைப் பற்றி நம்மூர் வக்கீல் யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். முகம் மலரும். 20ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற நீதிபதி. இந்திய நீதிமன்றங்களில் அவரது தீர்ப்புகளை மேற்கோள் காட்டாத வருடம் கிடையாது. சட்டம் படிக்காதவர்களைக்கூட அவர் விட்டுவைப்பதில்லை. பி.காம். படிக்கிறவனுக்கு வணிகச் சட்டப் பாடத்தில் அறிமுகமாகிவிடுவார். சின்னச் சின்ன வாக்கியம், கதை சொல்கிற மாதிரி தீர்ப்பு. பெரிய கம்பெனிக்கும் சின்ன மனிதனுக்கும் தகராறு என்றால் சின்ன மனிதன் பக்கம் சாய்கிறவர் என்று பெயர். அப்படிப்பட்டவர் கையில் வழக்கு வந்திருக்கிறது. என்ன செய்தார்?

விசாரிக்கவே கூடாது என்று தூக்கிப் போட்டார்.

அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது. இந்த ஆறு பேர் ஜெயித்தால் என்ன அர்த்தம்? போலீஸ் பொய் சாட்சி சொல்லியிருக்கிறது. அடித்து மிரட்டியிருக்கிறது. வாக்குமூலங்கள் தானாகத் தரப்பட்டவை அல்ல. அவற்றைச் சாட்சியமாக ஏற்றது தவறு. தண்டனையும் தவறு. அப்புறம் உள்துறை அமைச்சர் அவர்களை மன்னிக்கவேண்டும், அல்லது வழக்கை மறுபடி அப்பீலுக்கு அனுப்பவேண்டும். இது எப்பேர்ப்பட்ட பயங்கரமான காட்சி! புத்தியுள்ள எவரும், இந்த வழக்கு மேற்கொண்டு நடப்பது சரியல்ல என்றுதான் சொல்வார்.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவர்கள் சொல்வது பொய், அதனால் தள்ளுபடி என்று அவர் சொல்லவில்லை. ஒருவேளை அது நிஜமாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். நினைக்கவே பயமாக இருந்தது. அதனால் கதவை மூடிவிட்டார். சட்டப்படி இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஒரு கோர்ட் முடிவு செய்துவிட்ட விஷயத்தை இன்னொரு கோர்ட்டில் வேறு பெயரில் கிளறக்கூடாது என்பது பழைய விதி. 1981இல் பிரபுக்கள் சபையும் அதைச் சொல்லியே தள்ளுபடியை உறுதி செய்தது. ஆனால் விதியை விடவும் நிலைத்து நின்றது அந்த 'பயங்கரமான காட்சி'தான்.

டென்னிங்கைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் கெட்டவரில்லை. போலீஸும் கோர்ட்டும் சரியாக இருக்கின்றன என்கிற நம்பிக்கையில்தான் ஒரு தேசம் ராத்திரி தூங்குகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது தன் கடமை என்று நினைத்தார். ஆறு பேரைவிட அது பெரிது என்று நினைத்தார். இங்கேதான் சறுக்கல். நம்பிக்கையைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி, பார்க்காமல் இருப்பது.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பழகின சங்கதி. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டினாலும் டேலி ஆகத்தான் செய்யும். அதனால்தான் தணிக்கை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தணிக்கை செய்தால் கம்பெனி மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும், ஆகவே வேண்டாம் என்று ஒரு முதலாளி சொன்னால் அந்தக் கம்பெனி பங்கை வாங்குவீர்களா?

*

கதவை கோர்ட் மூடினால் ஜன்னல் வழியாகப் பத்திரிகைக்காரன் வருவான். கிறிஸ் முல்லின் வந்தார். தொழிற்கட்சி சார்பு வாரப் பத்திரிகை ஒன்றின் முன்னாள் ஆசிரியர். 1985இல் கிரனாடா தொலைக்காட்சியின் 'வேர்ல்டு இன் ஆக்‌ஷன்' நிகழ்ச்சிக்காக இந்த வழக்கைத் தோண்டினார்.

அவர்கள் செய்த வேலை மிக எளிது. விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு, கிரீஸ் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கச் சொன்னார்கள். வெடிமருந்தே இல்லாத பொருள்களை வைத்து. அதில் ஒன்று, சீட்டுக்கட்டு. சீட்டுகள் பளபளப்பாக இருக்க மேலே நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு போடுவார்கள். சீட்டு ஆடிய கையைத் துடைத்துச் சோதித்தால்?

இளஞ்சிவப்பு.

99 சதவீதம் அங்கேயே காலி. ஸ்க்யூஸுக்கு அந்த வருடமே உள்துறை முன்கூட்டியே ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. முல்லின் அடுத்த வருடம் புத்தகமே எழுதினார். நிஜமாகக் குண்டு வைத்த ஆட்களைத் தேடிப்போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். இந்த ஆறு பேருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்துகொண்டார். 1987இல் எம்.பி.யும் ஆனார்.

நெருக்கடி தாங்காமல் உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் வழக்கைத் திரும்ப அப்பீலுக்கு அனுப்பினார். லாக்கப்பில் நடந்த மிரட்டலைத் தன் கண்ணால் பார்த்ததாக முன்னாள் போலீஸ்காரர் ஒருவரே வந்து சாட்சி சொன்னார். அவரை நம்பவில்லை. 1988 ஜனவரியில் தலைமை நீதிபதி லேன் பிரபு தீர்ப்பு வாசித்தார். விசாரணை நீள நீள, ஜூரியின் முடிவு சரியே என்கிற உறுதி தங்களுக்குக் கூடிக்கொண்டே போனதாம்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, சிறையில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். உள்ளே போய் 13 வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் அப்பா இல்லாமலே வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, திருந்திவிட்டேன் என்று சொன்னால் பரோலுக்கு வழி உண்டு. செய்யாததற்கு எப்படித் திருந்துவது?

லேன் பிரபுவின் உறுதிக்கு ஆயுள் கம்மி. அடுத்த வருடமே, 1989 அக்டோபரில், இன்னொரு ஐ.ஆர்.ஏ. வழக்கில் தண்டிக்கப்பட்ட கில்ட்ஃபோர்டு நால்வரை விடுதலை செய்யவேண்டி வந்தது. போலீஸ் குறிப்புகள் ஜோடிக்கப்பட்டவை என்று தெரிந்துவிட்டது. போலீஸ்காரர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அதே லேன் பிரபு அதே வாயால் சொன்னார். அந்த நால்வரில் ஒருவரான ஜெரி கான்லனின் அப்பா, மகனைக் காப்பாற்ற வந்து தானும் மாட்டிக்கொண்டவர், சிறையிலேயே செத்துப்போயிருந்தார். 1993இல் 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்' என்று படமாக வந்ததே, அந்தக் கதை.

பர்மிங்காம் வழக்கிலும் காகிதம்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு தாளில் எழுதினால் கீழே இருக்கும் தாளில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். அதை மின்னூட்டம் செலுத்திப் படிக்கும் ஒரு கருவி வந்திருந்தது. விசாரிக்கும்போதே உட்கார்ந்து எழுதியது என்று போலீஸ் சத்தியம் செய்த குறிப்புகளை அதில் வைத்துப் பார்த்தார்கள். பக்கங்கள் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் எழுதப்பட்டவை அல்ல. பிற்பாடு உட்கார்ந்து தயாரித்தவை. நீதிபதி பிரிட்ஜ், அதெப்படி முடியும் என்று கேட்டாரே, முடிந்திருக்கிறது. இதே வட்டாரத்தில் கடுங்குற்றப் பிரிவு என்று ஒரு படை இருந்தது. அதன் மேல் குவிந்த புகார்களால் 1989இல் அதையே கலைத்தார்கள். அது வாங்கித்தந்த தண்டனைகளில் 30க்கும் மேற்பட்டவை பின்னால் ரத்தாயின.

1991 மார்ச் 14. ஆறு பேரும் லண்டன் கோர்ட் வாசலில் வெளியே வந்து நின்றார்கள். 16 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நீதியா, இங்கே உள்ளே இருக்கிறவர்களுக்கு அந்த வார்த்தைக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது என்று மைக்கைப் பார்த்துக் கத்தினார் பாடி ஹில். கூட்டம் கை தட்டியது. 1975இல் தீர்ப்புக்குக் கை தட்டிய அதே ஜனங்கள்.

டென்னிங் அப்போது ஓய்வில் இருந்தார். அன்றைக்கே தூக்கில் போட்டிருந்தால் இந்தப் போராட்டமெல்லாம் வந்திருக்காது, எல்லோரும் மறந்திருப்பார்கள், ஊரும் திருப்தியாக இருந்திருக்கும் என்று அதற்கு முன்பே அவர் சொல்லிவைத்திருந்தார். அதில் ஒரு பயங்கரமான உண்மை இருக்கிறது. கொலைக்குத் தூக்கு என்பதை பிரிட்டன் 1965இல் நிறுத்தியிராவிட்டால், விடுவிப்பதற்கு ஆறு பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

*

நம்பிக்கை போயிற்றா? போயிற்று. டென்னிங் பயந்தது அப்படியே நடந்தது. ஆனால் 1975இலோ 1980இலோ ஒப்புக்கொண்டிருந்தால், சில போலீஸ்காரர்களின் அயோக்கியத்தனம், ஒரு நிபுணரின் பிழை என்று முடிந்திருக்கும். 16 வருடம் மூடி வைத்ததில், அப்பீல் கோர்ட், பிரபுக்கள் சபை, தலைமை நீதிபதி என்று மேலே இருந்த எல்லோர் பெயரும் அதில் சேர்ந்துகொண்டது. வட்டி கட்டாமல் விட்ட கடன் மாதிரி.

விடுதலையான அன்றைக்கே ராயல் கமிஷன் ஒன்றை அறிவித்தது அரசாங்கம். கிரிமினல் வழக்கு முறையையே அடியிலிருந்து ஆராய. அதன் பலனாக 1995இல் ஒரு சட்டம், 1997இல் ஒரு அமைப்பு. குற்ற வழக்குகள் மறு ஆய்வு ஆணையம். போலீஸுக்கும் அமைச்சருக்கும் கட்டுப்படாமல், முடிந்துபோன வழக்குகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து அப்பீலுக்கு அனுப்பும் உரிமை கொண்டது. அதாவது, தணிக்கை. அலுவலகத்தை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பர்மிங்காமில். இதுவரை 500க்கும் மேற்பட்ட தண்டனைகள் அதன் வழியாக ரத்தாகியிருக்கின்றன.

அதற்காக பிரிட்டன் உருப்பட்டுவிட்டது என்று முடித்துவிட முடியாது. தபால் துறையின் ஹொரைஸன் என்கிற கம்ப்யூட்டர் கணக்கு தப்புத்தப்பாகக் காட்டிய பற்றாக்குறைக்கு, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட கிளைத் தபால் அதிகாரிகளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டித் தண்டித்தார்கள். அன்றைக்கு 99 சதவீத விஞ்ஞானி, இன்றைக்கு கம்ப்யூட்டர். கடைசியில் 2024இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு ரத்து செய்தது. செய்யாத குற்றத்துக்கு 17 வருடம் சிறையில் இருந்த ஆண்ட்ரூ மால்கின்சனின் மனுவை, தணிக்கைக்கென்றே உண்டான அந்த ஆணையமே இரண்டு முறை நிராகரித்தது. அவர் தண்டனை ரத்தானது 2023இல். செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருந்த காலத்தில் சாப்பாட்டுச் செலவும் வீட்டு வாடகையும் மிச்சமாயிற்றே என்று நஷ்ட ஈட்டில் கழித்துக்கொள்ளும் வழக்கம்கூட இருந்தது. 2007இல் பிரபுக்கள் சபையும் அதைச் சரி என்றது. மால்கின்சன் விவகாரத்தில் ஊர் சிரித்த பிறகுதான் கைவிட்டார்கள்.

பர்மிங்காம் ஆறு பேருக்கு 2001இல் நஷ்ட ஈடு முடிவானது. ஆளுக்கு எட்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவிலிருந்து 12 லட்சம் பவுண்டு வரை. அவர்களை ஜோடித்து உள்ளே தள்ளியதாக மூன்று போலீஸ் அதிகாரிகள் மீது போட்ட வழக்கு 1993இல் பாதியில் நின்றது. பத்திரிகைகளில் இவ்வளவு வந்த பிறகு நியாயமான விசாரணை சாத்தியமில்லை என்றார் நீதிபதி. அந்த நியாயம் 1975இல் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கதையில் எல்லோரும் மறந்துபோகிற ஒரு கட்சி உண்டு. அந்த 21 பேரின் குடும்பங்கள். 1975இல் அவர்களுக்கு நீதி கிடைத்துவிட்டது என்று சொன்னார்கள். 1991இல் கிடைக்கவில்லை என்றார்கள். நடுவில் போன 16 வருடத்தில் நிஜக் குற்றவாளிகளைத் தேட ஆள் இல்லை. தேவையில்லையே, ஆறு பேர்தான் உள்ளே இருக்கிறார்களே! தப்பான ஆளை உள்ளே வைப்பது என்றால் சரியான ஆளை வெளியே விட்டுவைப்பது என்றும் அர்த்தம்.

2019இல் மரண விசாரணை ஒன்று நடந்தது. 21 பேரையும் கொன்றது ஐ.ஆர்.ஏ.தான் என்று ஜூரி சொன்னது. 2022இல் போலீஸ் கோர்ட்டுக்குப் போய், முல்லின் தன் குறிப்புகளைத் தரவேண்டும் என்று கேட்டது. பேசியவர்களுக்கு ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் மறுத்தார். கோர்ட் அவர் பக்கம் நின்றது. குடும்பங்களுக்கு அது இன்னொரு அடி. யார் பக்கம் நியாயம் என்று சொல்வது கஷ்டம். அந்த ஆறு பேரில் சிலர் காலமாகிவிட்டார்கள். வாசலில் நின்று கத்திய பாடி ஹில்லும் 2024 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார்.

மல்பெரி புஷ்ஷிலும் டாவர்னிலும் குண்டு வைத்ததற்காக, தப்பாகப் பிடித்த அந்த ஆறு பேரைத் தவிர, இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.